ஆடி பிறப்பதற்குள் கனரக லைசென்ஸ்

ஜூலை 4, வெள்ளி

கனரக வாகனத் தேர்வு ஜூலை 10, வியாழன், காலை 8.30. ஆதாரம்: பகல் 11.42க்குக் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி. பயிற்சிப் பள்ளிக் கணினியிலும் அதே தேதி, நேரில் போய்ப் பார்த்தேன். எனவே உறுதி.

வெயில். மாலையில் மேற்கே கறுத்தது. பெய்யவில்லை.

மதியம் லோகநாயகி அம்மாவுடன் போன். வண்டலூரைத் தாண்டி பார்சல் லாரி ஷெட் வைத்திருப்பவர், ஆறு வண்டி. அவர் சொன்னது அப்படியே: “லைசென்ஸ் வந்துட்டா வேலூர் லைன்ல ரெண்டாவது டிரைவரா போட்டுக்கறேன்மா. ஆனா ஆடி பொறக்கறதுக்குள்ள வந்துடணும். ஆடியில புது ஆள் கைய என் ஸ்டீயரிங்ல வைக்க வுடமாட்டேன். இல்லேன்னா ஆவணில பாக்கலாம்.”

ஆவணி வரை இடம் இருக்குமா?

“அத எப்டிமா இப்பவே சொல்றது?”

ஆடி 1 = ஜூலை 17. ஆதாரம்: சமையலறைத் தினசரிக் காலண்டர். தேர்வில் தேறினால் இடையே ஆறு நாள் இருக்கிறது. தவறினால் அடுத்த தேதிக்கு இரண்டு வாரமாவது ஆகும் என்கிறது பள்ளி. அதற்குள் ஆடி.

ஆக, ஒரே ஒரு வியாழன்.

கணவர் ஜெபராஜுக்குச் சிரிப்பு. “நம்ம வீட்ல ஆடியெல்லாம் பாக்கறதில்லையே ஹெலன்.”

“நான் பாக்கல. ஓனர் பாக்கறாங்க.”

பால், பல்பு, அவருடைய சட்டை இஸ்திரி. மறந்தது பல்பு.

ஜூலை 5, சனி

காலை 6.15, மைதானம். அகரம்தென் போகிற வழியில் ஒரு காலி மனைக்கு நாங்கள் வைத்த பெயர். மூலைக்கொரு எல்லைக்கல், நடுவில் முள்செடி, ஓரத்தில் எப்போதும் அதே மூன்று எருமைகள். லாரி ஒன்றுதான், பள்ளிக்கும் அது ஒன்றுதான். பழசு. ஏர் பிரேக்கில் காற்று ஏற ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் எனக்குப் பிடித்திருக்கிறது. காற்றழுத்தம் காட்டும் முள் மெல்ல ஏறும், யாரும் அவசரப்படுத்த முடியாது. பத்திரிகையில் இப்படி ஒரு முள் இருந்திருக்கலாம்.

பயிற்சியாளர் குமரேசன். முப்பத்தைந்து இருக்கும். பத்து வருஷம் டிரெய்லர் ஓட்டியவர். என்னோடு கற்பவர் சரவணன், கோவிலம்பாக்கத்தில் பதினாலு வருஷம் ஆட்டோ. அவருக்கும் அதே வியாழன். தேறினால் மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி தயார்.

இன்று சாலையில். சரவணன் திருப்பங்களில் உடம்பைச் சாய்க்கிறார்.

“யோவ், இன்னாத்துக்குய்யா சாயற? இது கவுறாது.”

“பயக்கம்ணா.”

அதோடு ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் வேகத்தைக் குறைக்கிறார். மூன்றாவது ஸ்டாப்பில் குமரேசனுக்குப் புரிந்துவிட்டது. “டேய், சவாரி பாக்கறியா? லாரில யார்றா ஏறுவா?”

நான் சிரித்தேன். பிறகு என் முறை. மாடம்பாக்கம் அருகே சாலையோரம் ஒரு பத்து பேர் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. தலையும் திரும்பியது.

“மேடம், கூட்டத்த பாத்தா கால் அங்க போவுதே.”

“இருபத்திரண்டு வருஷம் நிருபர், குமரேசன்.”

“செத்தது யாருன்னு நாளைக்கு பேப்பர்ல பாத்துக்கலாம். இப்ப ரோட்ட பாருங்க.”

யாரும் சாகவில்லை. பாம்பு பிடிக்கிறவர் வந்திருந்தார். கண்ணாடியில் பார்த்தேன்.

இந்த வாரம் சேர்ந்த சொற்கள்:

ஒடி: ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பு. எதையும் உடைக்க வேண்டாம்.
நிமுத்து: சக்கரத்தை நேராக்கு.
டிரைவர் சைடு: வலம். கிளீனர் சைடு: இடம்.
ஹோல்டான்: நில். யோசிக்காமல் நில்.
ரைட்: பின்னால் தடையில்லை, எடு. வலப்பக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டு கைகளிலும் காய்ப்பு. ஒன்றை அழுத்திப் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை. வாசலில் மிஸஸ் எட்வின், தையல் சங்கச் செயலாளர்: “கேள்விப்பட்டது நெஜமா ஹெலன்? லாரியா?” நிஜம் என்றேன். “வேற வேலையே கெடைக்கலையா?” கிடைத்தது. மார்ச்சில் எங்கள் புறநகர்ப் பதிப்பை மூடிய பிறகு இரண்டு கிடைத்தன. இரண்டிலும் நாள் முழுக்க உட்கார்ந்து, போகாத ஊர்களைப் பற்றி எழுத வேண்டும். இது அவரிடம் சொல்லவில்லை. “இல்லக்கா, இதுதான் கேட்டேன்” என்றேன். அவர் ஜெபித்துக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று நான் ஏன் சொல்ல?

மதியம் ஜெபராஜ் சாப்பாட்டு மேஜையில் தீப்பெட்டியை லாரியாக்கி, உப்பு ஜாடியை எல்லைக்கல்லாக்கி, பின்னால் எடுக்கும்போது வால் எவ்வளவு வெளியே போகும் என்று விளக்கினார். கணக்கு வாத்தியார். கோணமானி வரை வந்துவிட்டது. அரை மணி நேரம் கேட்டேன். குமரேசன் இதையே நாலு வார்த்தையில் சொல்வார்: “மூஞ்சி இங்க, முதுகு அங்க.”

மீன் குழம்பு. ஏரியைச் சுற்றி ஒரு நடை. நல்ல காற்று.

பதிப்பு மூடிய மறுநாள் ஒன்று தோன்றியது, எழுதி வைக்கவில்லை, இப்போது எழுதுகிறேன். ஜி.எஸ்.டி. சாலையில் எத்தனை இரவு நின்றிருக்கிறேன். எல்லாச் செய்தியிலும் “லாரி மோதி” என்றே எழுதினேன். மேலே உட்கார்ந்திருந்தவருக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று ஒரு தடவையும் ஏறிப் பார்க்கவில்லை. பதிப்பு மூடிய பிறகு ஒரு நாள் ஒரு டிரைவர் ஏற்றிக் காட்டினார். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது, பக்கத்தில் இருப்பதைத் தவிர. இறங்க மனசு வரவில்லை.

ஜூலை 7, திங்கள்

செய்தி: லாரி எல்லைக்கல்லில் மோதியது. இடம்: மைதானம். நேரம்: 7.05. காயம்: யாருக்கும் இல்லை. காரணம்: நிருபர்.

நடந்தது நடந்தபடி. சரவணன் ஸ்டீயரிங்கில், பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் பார்த்துச் சொல்ல என்னை நிறுத்தியிருந்தார்கள். முன்னால் நின்ற குமரேசன் கத்தினார்: “மேடம், பின்னாடி கல்லு கீது, பாத்துக்குங்க!”

நான் சொன்னேன்: “ரைட்!”

இருபத்திரண்டு வருஷமாகப் போனில் செய்தி ஆசிரியர் எது சொன்னாலும் நான் சொன்ன ஒரே பதில். புரிந்தது, கேட்டுக்கொண்டேன், மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். சரவணனுக்குக் கேட்டது அந்த ஒரு சொல்தான். எடுத்தார்.

டிரைவர் சைடு பின்விளக்கு தூள். அதைத் தாங்கிய தகடு மடங்கியது. கல்லும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. எருமைகள் தலை நிமிர்ந்து பார்த்தன.

சரவணன் குதித்து இறங்கினார். “நீதானக்கா ரைட்டுன்ன!”

“புரிஞ்சுதுன்னு சொன்னேன்.”

“புரிஞ்சா புரிஞ்சுதுன்னு சொல்லேங்க்கா! நா இன்னா கனவா கண்டேன்?”

குமரேசன் குனிந்து சிவப்புத் துண்டுகளைப் பொறுக்கினார். அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு சொன்னார்: “லைட்டு இல்லாத வண்டிய டெஸ்ட்டுக்கு எட்த்துனு போவ முடியாது. கம்பெனில இந்த லைட்ட நிறுத்தி வருஷக்கணக்காவுது. புதுப்பேட்டைல இருந்தா உண்டு.”

“இல்லைன்னா?”

“அட்த்த தேதி. ரெண்டு பேருக்குந்தான்.”

என் வேலூர் மட்டுமல்ல. சரவணனின் தண்ணீர் லாரியும் என் ஒரு சொல்லில் நிற்கிறது. இது சரியில்லை.

திருத்தம் (மைதானத்திலேயே, இருவர் முன்னிலையிலும் சொன்னேன்): தவறு முழுக்க என்னுடையது. நாளை விளக்கு தேடிக் கொண்டுவருவது என் பொறுப்பு. குமரேசனுக்கு வாய் கோணியது. பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்துவிட்டார்.

“உங்க ஆபீஸ்ல எத்தினி பேர முட்ட வுட்டீங்கக்கா இந்த மாதிரி?”

மேடம் போய் அக்கா வந்தது இந்த இடத்தில்தான்.

ஜூலை 8, செவ்வாய்

விட்டு விட்டுத் தூறல். பள்ளிக்குப் போக வேண்டிய ஜெபராஜ் ஸ்கூட்டரில் சானடோரியம் ஸ்டேஷனில் விட்டார். சரவணன் அங்கே காத்திருந்தார். நான் கூப்பிடவில்லை. “நீ தனியா போனா அந்தாளுங்க கிட்டயும் ரைட்டுன்னு சொல்லி எதயாவது வாங்கினு வந்துருவ” என்றார்.

ரயிலில் எழும்பூர், அங்கிருந்து நடை. கையில் ஒரு துணிப்பை, உள்ளே உடைந்த துண்டுகள்.

கடை 1: இல்லை. தலை தூக்கவில்லை.
கடை 2: “பஸ்ஸு லைட்டு கீது, தரட்டா?” வேண்டாம்.
கடை 3: பாய் ஒருவர். துண்டுகளை மேஜையில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, முழு விளக்காக்கி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார். “இது வர்றதில்லம்மா.”

இங்கேதான் சரவணன் திரும்பிப் போகப் பார்த்தார். நான் கேட்டேன்: “யாருக்குத் தெரியும், பாய்?” பிழைப்பு முழுக்கக் கேட்ட கேள்வி. இல்லை என்று சொன்னவரும் இதற்குப் பதில் சொல்லிவிடுவார். பாய் யோசித்து, இரண்டு சந்து தள்ளி நீலக் கதவு, பழைய லாரி உடைக்கிற இடம், நான் சொன்னேன்னு சொல்லு என்றார்.

நீலக் கதவு. அங்கே ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. ஆனால் கிளீனர் சைடு.

சரவணன் தலையில் கை வைத்தார். “பேஜாருக்கா. இது அந்தாண்ட பக்கம்.”

கடைக்காரர் விளக்கை வாங்கி, அப்படியே தலைகீழாகத் திருப்பி நீட்டினார். ஓரத்தில் இருந்த மஞ்சள் இப்போது மறு ஓரத்தில். “இப்ப சொல்லு. எந்த சைடு?”

டிரைவர் சைடு.

எழுத்து மட்டும் தலைகீழ். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை எளிது. ஜெபராஜிடம் சொன்னால் கோணமானியை எடுப்பார் (எடுத்தார், மாலை 7.20).

திரும்பும் ரயிலில் உட்கார இடம். விளக்கு மடியில். எதிரே இருந்த பெண் கேட்டார்: “என்னது அது, புது மாடல் டிபன் பாக்ஸா?”

ஜூலை 9, புதன்

இரும்புலியூர் மெக்கானிக் ஷெட்டில் தகடு நிமிர்த்தி விளக்கு மாட்டியாயிற்று, காலை பத்துக்குள். குமரேசன் உள்ளே பிரேக் மிதித்துக் கத்தினார்: “எரியுதா?”

நான் வாயைத் திறந்து, மூடி, பிறகு: “எரியுது!”

ஷெட்காரருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. சரவணன் சொல்லியிருக்கிறார். தாம்பரத்தில் இன்னும் யாருக்குச் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

மாலை மைதானம். பின்னால் எடுத்தது பதினோரு தடவை. நன்றாக வந்தது ஏழு. முள்செடிக்குள் போனது ஒன்று. மீதி பரவாயில்லை. எல்லைக்கல்லைக் கடப்பாறை போட்டு நேராக்கினோம்.

குமரேசன் சொன்னது: “ரெண்டு கண்ணாடியையும் மாத்தி மாத்தி பாருக்கா. ஒண்ணு சொல்றத இன்னொண்ணு ஒத்துக்கணும். ஒத்துக்கலேன்னா நின்னுடு.” இரண்டு ஆதாரம் இல்லாமல் எழுதாதே என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. இத்தனை நாள் இதை ஏன் இப்படிச் சொல்லவில்லை என்று கேட்டேன். “இப்பதான நீ எப்டி வேல பாத்தன்னு கத சொன்ன.”

நாளைக்கு: பழைய லைசென்ஸ், எல்.எல்.ஆர்., மருத்துவச் சான்று, ஷூ (செருப்பு கூடாது), தண்ணீர். ஒன்பதரைக்குப் படுக்கை.

ஜூலை 10, வியாழன்

தேறினேன்.

இனி வரிசையாக. வெயில் ஏழு மணிக்கே. தேர்வுத் திடலில் ஒரு முப்பது பேர், பாதி பேருக்கு மேல் பைக். லாரிக்கு நாங்கள் இருவர் மட்டும்.

ஆய்வாளர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னால் நின்றார். நிற்கிறார், நிற்கிறார்.

“லாம்ப் தலைகீழா இருக்கே?”

குமரேசன் முகம் போன போக்கு. நான் சொன்னேன்: “ஆமா சார். கிளீனர் சைடு லாம்ப், திருப்பிப் போட்டிருக்கோம். பிரேக், இண்டிகேட்டர் ரெண்டும் வேல செய்யுது.”

“போடுங்க பாப்போம்.”

எரிந்தது. அவர் குனிந்து எழுத்தைத் தலைகீழாகப் படித்தார். “யாரு ஐடியா இது?” புதுப்பேட்டை என்றேன். ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

முதலில் சரவணன். உடம்பு சாயவில்லை. பஸ் ஸ்டாப்பில் ஒரு கிழவி கை நீட்டினார், ஆட்டோ என்று நினைத்தாரோ என்னவோ. சரவணன் நேராகப் போனார். இறங்கி வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. “பாவம்கா அந்தம்மா, வெயில்ல நின்னுகினு இருந்துச்சு.”

பிறகு நான். கேள்வி: காலையில் வண்டி எடுப்பதற்கு முன் என்ன பார்ப்பீர்கள்? டயர், ஆயில், தண்ணீர், விளக்கு, காற்றழுத்தம், அடியில் ஒழுகல். சாலை: ஜூஸ் கடை முன்னால் கூட்டம், சத்தம், யாரோ யாரையோ சட்டையைப் பிடித்திருந்தார்கள். கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. தலை நேராக இருந்தது. என்ன சண்டை என்று இன்னும் தெரியாது, வாழ்நாளில் தெரியப்போவதுமில்லை.

பின்னால் எடுப்பது: பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. வலக் கண்ணாடி, இடக் கண்ணாடி, வலம், இடம். ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. நின்றேன். இரண்டடி முன்னால் எடுத்து, நிமிர்த்தி, மறுபடி. கோட்டுக்குள்.

“ஏம்மா நடுவுல நின்னீங்க?”

“சந்தேகம் வந்துச்சு சார்.”

“அதுக்கு எல்லாரும் நிக்கறதில்ல” என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

சரவணனும் தேறினார். மூவரும் பொங்கல், வடை, இரண்டிரண்டு காபி. குமரேசன் மனைவிக்குப் போன் போட்டு, “அந்த ரைட் அக்கா பாஸு” என்றார். அவர் வீடு வரைக்கும் போயிருக்கிறது.

ஜெபராஜ் வகுப்பில் இருந்தார். “பாஸ்” என்று குறுஞ்செய்தி. பதில்: “எத்தனை மார்க்?”

ஜூலை 12, சனி

லைசென்ஸ் நிலை, ஆப்பில்: “செயல்பாட்டில்”. காலை 9, மதியம் 1, மாலை 5. மூன்று தடவையும் அதே.

மிஸஸ் எட்வின் போன். ஜெபம் கேட்கப்பட்டதா என்று விசாரிப்பு. ஆம் என்றேன். “வேலூர் போனா மாமியார் வீட்டுக்கு ஒரு பார்சல் இருக்கு” என்றார்.

ஜூலை 14, திங்கள்

“செயல்பாட்டில்”. மாலை நல்ல மழை. மாடியில் துணி.

லோகநாயகி அம்மாவிடம் கேட்டேன்: ஷெட்டுக்குள்ளேயே ஒரு தடவை வண்டியை நகர்த்தி ஆனியிலேயே ஆரம்பித்துவிடட்டுமா, லைசென்ஸ் வரும் முன்? “லைசென்ஸ் இல்லாத கை என் வண்டில படாதுமா. அதுவும் உண்டு, ஆடியும் உண்டு.” கார்டே வேண்டுமா? “போன்ல காமிச்சா போதும். போலீசே இப்ப அதத்தான் பாக்குது.” கெடு: புதன், விளக்கு வைப்பதற்குள் ஸ்டீயரிங்கில் கை வைத்துவிட வேண்டும்.

மரியாதை கூடுகிறது. இரண்டு விதி, இரண்டையும் மாற்றிக்கொள்ளாதவர்.

ஜூலை 15, செவ்வாய்

“செயல்பாட்டில்”. அடை சுட்டேன், இரண்டு கருகின. ஜெபராஜ் கருகினதையும் சாப்பிட்டார். அவரும் தன் போனில் பார்க்கிறார் என்பது இன்றுதான் தெரிந்தது.

ஜூலை 16, புதன்

மாலை 3.10: “அனுமதிக்கப்பட்டது.” வகை: போக்குவரத்து வாகனம். ஆதாரம்: ஆப். 3.11: மறுபடி பார்த்தேன். 3.12: பள்ளியிலிருந்து ஜெபராஜ் தன் போனில் பார்த்துச் சொன்னார், அதே தகவல். உறுதி.

சரவணனின் ஆட்டோ. இன்னும் விற்கவில்லை. சிட்லபாக்கத்தில் 4.05க்கு ஏறினேன். பெருங்களத்தூரில் நின்றது நாற்பது நிமிடம், முன்னும் பின்னும் லாரி. சரவணன் எட்டி எட்டிப் பார்த்தார். “இன்னும் கொஞ்ச நாள்ல நாமளும் இப்டிதான் மறிச்சிகினு நிப்போம்கா.” இருவருக்கும் ஏனோ பெருமை.

5.50 ஷெட். லோகநாயகி அம்மா வாசலில். போனை வாங்கி, பெயர், படம், வகை, தேதி, ஒவ்வொன்றாகப் படித்தார். என் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். “வா.”

வேலூர் வண்டி மதிலைப் பார்த்து நின்றிருந்தது. பின்னால் ஒட்டினாற்போல் இன்னொரு லாரி. வேலூர் வண்டியின் மூத்த டிரைவர் குளிக்கப் போயிருந்தார். மதிலுக்கும் பம்பருக்கும் நடுவே எவ்வளவு என்று சரவணன் கையால் அளந்தார். “நாலு அடி கூட இல்ல.”

“பின்னாடி எடம் இல்லியே” என்றேன்.

“இருந்தாலும் மொதல் தபா பின்னாடி எடுக்கக் கூடாதும்மா. முன்னாடிதான்” என்றார் லோகநாயகி அம்மா.

இரண்டு முன்சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடி என் ஜெபத்தைச் சொன்னேன். அவர் கீழே கற்பூரம் காட்டினார். ஒருவருக்கொருவர் காத்திருந்தோம். காற்று ஏறியது. முள் நின்றது. முதல் கியர்.

சக்கரம் உருண்டது. வலம் ஒரு சத்தம், இடம் ஒரு சத்தம். பிரேக்.

தூரம்: மூன்றடி. சரவணன் அளந்து சொன்னது, லோகநாயகி அம்மா ஒத்துக்கொண்டது. மதிலுக்கு மிச்சம் அரையடிக்குக் கொஞ்சம் மேல். நேரம் 6.14. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை, பார்த்தேன்.

“ஆச்சு. ஆனியிலயே சேந்துட்ட” என்றார். தேங்காய்ச் சில்லும் பொட்டுக்கடலையும் கொடுத்தார். மூத்த டிரைவர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து, “யாரு என் வண்டிய நவுத்துனது?” என்று கேட்டார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்துக்கு வேலூர், அவரோடு. அவர் வாலாஜா வரை, பிறகு நான்.

இன்னும் வராதவை: லைசென்ஸ் கார்டு, தபாலில், சனிக்குள் என்கிறார் தபால்காரர். லோடு என்ன என்பது, நாளை மாலை ஆறு மணிக்குத் தெரியும்.